டகோட்டாவில் லே வரை: மெஹர் சிங்கின் கதை

நம்ம காலேஜ் ட்ரோன் கிளப்பில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாலே ‘மெஹர் பாபா’ என்ற பெயர் காதில் விழுந்துவிடும். இந்திய விமானப்படை 2018-ல் அறிவித்த ஸ்வார்ம் ட்ரோன் போட்டியின் பெயர் அது. வெள்ளம், நிலநடுக்கம் வந்த இடத்துக்குக் கூட்டமாகப் பறந்துபோய் நிவாரணப் பொருள் போடும் ட்ரோன்கள்தான் முதல் போட்டியின் தலைப்பு. 2022-ல் இரண்டாவது போட்டி. இந்த முறை ரன்வேயில் கிடக்கும் கல், ஆணி மாதிரியான பொருட்களைக் கண்டுபிடிக்கும் ட்ரோன் கூட்டம். பெயரை நெட்டில் தேடினால் பெரிய மீசையோடு சிரிக்கும் ஒரு ஆன்மீக குரு வருவார். பல வருஷம் வாயே திறக்காமல் மௌனமாக இருந்தவர். விமானப்படைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்புகிறவர்கள் நிறைய.

சம்பந்தமே இல்லை. போட்டிக்குப் பெயர் கொடுத்தவர் வேறு ஆள். ஏர் கமடோர் மெஹர் சிங். கூட வேலை செய்தவர்கள் செல்லமாக ‘பாபா’ என்று கூப்பிட்டதால் மெஹர் பாபா ஆனார். இரண்டாம் உலகப்போரில் டி.எஸ்.ஓ. பதக்கம் வாங்கிய ஒரே இந்திய விமானப்படை அதிகாரி. 1948 மே மாதம், ஐசிங்கைச் சமாளிக்க எந்தக் கருவியும் இல்லாத ஒரு டகோட்டாவை இமயமலைக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டு போய், 11,500 அடி உயரத்தில் இருக்கும் லே-யில் முதன்முதலாக இறக்கியவர். இந்த இதழில் அவரைப் பற்றி எழுத அந்தக் கடைசி விஷயம்தான் காரணம். திருச்சியும் ஒரு காரணம், அது பின்னால் வரும்.

1915 மார்ச் 20-ல் பிறந்தார். ஊர் லயால்பூர் மாவட்டம். இன்றைக்கு அது பாகிஸ்தானில் ஃபைசலாபாத். கால்வாய் வெட்டிப் பாலைவனத்தை வயலாக்கிய பஞ்சாப் பகுதி. இந்திய விமானப்படை பிறந்ததே 1932 அக்டோபர் 8-ல்தான். அடுத்த ஏப்ரலில் கராச்சியில் நான்கே நான்கு வாபிட்டி விமானங்களோடு முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. நான்கு விமானம் வைத்திருந்த படை அது, நம்ம ஊர் டவுன் பஸ் டெப்போவிலேயே அதைவிட அதிக வண்டி நிற்கும். அந்தப் படைக்குத்தான் மெஹர் சிங் போனார். இங்கிலாந்தில் க்ரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயிற்சி, 1936-ல் அதிகாரியாகப் பதவி.

வாபிட்டி என்பது இரட்டை இறக்கை விமானம். காக்பிட்டுக்கு மேல்மூடி கிடையாது. பைலட்டின் தலை வெளியே காற்றில் இருக்கும், பின்னால் துப்பாக்கிக்காரர் ஒருவர் இருப்பார். இதை வைத்துக்கொண்டு வடமேற்கு எல்லையில், வசீரிஸ்தான் மலைகளில் வேலை. ஒரு தடவை ஷக்து பள்ளத்தாக்கில் பறந்தபோது கீழேயிருந்து பழங்குடியினர் துப்பாக்கியால் சுட்டதில் எரிபொருள் டேங்கில் குண்டு பாய்ந்தது. இன்ஜின் போச்சு. பாறையும் ஓடையுமான இடத்தில் எப்படியோ இறக்கினார். அவரும் துப்பாக்கிக்காரர் குலாம் அலியும் உயிரோடு வெளியே வந்து, தேடி வந்தவர்களின் கண்ணில் படாமல் ஒளிந்திருந்து, இருட்டில் நடந்து ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சீக்கிரமே திரும்பவும் பறக்கப் போய்விட்டார் மனுஷன்.

இந்தச் சம்பவத்தை வீரக்கதையாக மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். மலைக்குள் பறக்கிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதில் இருக்கிறது. பள்ளத்தாக்கில் நுழையும் முன்பே, இன்ஜின் நின்றால் எங்கே இறக்குவது, எந்தப் பக்கம் திரும்பினால் வெளியே போக முடியும் என்பது தலைக்குள் தயாராக இருக்க வேண்டும். குண்டு பட்ட பிறகு யோசிக்க நேரம் இருக்காது. பத்து வருஷம் கழித்து லே-க்குப் போனபோது எதிரி துப்பாக்கியைவிடப் பெரிய ஆபத்தாக வானமே இருந்தது. பாடம் மட்டும் அதேதான்.

நடுவில் திருச்சி. 1942 டிசம்பர் 1 அன்று விமானப்படையின் 6-ஆம் ஸ்குவாட்ரன் திருச்சிராப்பள்ளியில் உருவாக்கப்பட்டது. முதல் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங், அப்போது வயது 27. ஜப்பான் படை பர்மாவைப் பிடித்து இந்திய எல்லையில் நின்ற நேரம் அது. கொடுத்த விமானம் ஹரிக்கேன். கேமரா பொருத்தி உளவு பார்க்கும் ஹரிக்கேன் அது. காவிரிக் கரையில் புது ஆட்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, ஓராண்டுக்குள் காக்ஸ் பஜாருக்கு, அரக்கான் போர்முனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு இரண்டு விமானமாகப் போவார்கள். ஒன்று தாழப் பறந்து படம் எடுக்கும், மற்றது பின்னால் வளைந்து வளைந்து பறந்து எதிரி விமானம் வருகிறதா என்று காவல் காக்கும். ஜப்பான் படை எங்கே நகர்கிறது என்பது 14-ஆம் ராணுவத்துக்குத் தெரிந்ததில் இந்த ஸ்குவாட்ரன் எடுத்த படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ராணுவத்தின் கண்கள் என்றே இவர்களுக்குப் பெயர் வந்தது. 1944-ல் டி.எஸ்.ஓ. வந்தது இதற்காகத்தான்.

1947. சுதந்திரம், பிரிவினை. பிறந்த ஊர் வேறு நாடாகிவிட்டது. அக்டோபர் 27 காலை டகோட்டா விமானங்களில் முதல் இந்தியப் படைவீரர்கள் ஸ்ரீநகரில் இறங்கினார்கள். ஜம்மு காஷ்மீரில் விமானப்படை வேலை முழுவதையும் பார்த்துக்கொண்ட நம்பர் 1 ஆப்பரேஷனல் குரூப் மெஹர் சிங் கையில் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட வேண்டிய பதவி. ஆனால் கஷ்டமான இடத்துக்கு முதல் விமானத்தை அவரே ஓட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. பூஞ்ச் நகரம் சுற்றி வளைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான அகதிகள் உள்ளே மாட்டிக்கொண்டபோது, அங்கிருந்தவர்கள் அவசரமாக ஒரு ஓடுதளத்தைச் சமன்படுத்தினார்கள். மூன்று பக்கம் ஓடை, எட்டிப்பிடிக்கும் தூரத்தில் எதிரி பீரங்கி. முதல் டகோட்டாவை இறக்கியது மெஹர் சிங். கூடவே ஏர் வைஸ் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜியும் உட்கார்ந்து போனார். சரக்கு விமானமான அதே டகோட்டாவின் கதவு வழியாகக் குண்டுகளை உருட்டித் தள்ளி, அதையே பாம்பர் ஆக்கிய கூத்தும் இந்தக் காலத்தில்தான்.

இப்போது லே.

1948 மே மாதம் கார்கில் எதிரி கைக்குப் போய்விட்டது. சோஜி லா கணவாய் அடைபட்டது. லே-யில் இருந்தது ஒரு சின்னப் படை மட்டும். தரை வழியாக உதவி போக வழியே இல்லை. ஆனால் அங்கே ஒரு ஓடுதளம் இருந்தது. கட்டியவர் சோனம் நோர்பு, லடாக்கைச் சேர்ந்த இன்ஜினியர். அந்தக் குளிர்காலத்தில் சோஜி லா-வின் பனியில் நடந்து கடந்த சிறு குழுவோடு லே-க்கு வந்து, உள்ளூர் ஆட்களைச் சேர்த்து, சிந்து நதிக்கரை மணலில் ஓடுதளத்தை உருவாக்கியிருந்தார். ரோடு ரோலர் இல்லாத ஊர். சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் இந்த மனுஷரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், எழுத வேண்டும்.

ஓடுதளம் இருக்கு, ஆனால் அதில் யாரும் இறங்கினதில்லை. லடாக் பகுதியின் தளபதி மேஜர் ஜெனரல் திம்மய்யா, நம்ம பக்கத்து மாநிலம் குடகுக்காரர். அவர்தான் மெஹர் சிங்கிடம் கேட்டார். திம்மய்யா கூட வருவதாக இருந்தால் தானே ஓட்டுவதாக மெஹர் சிங் பதில் சொன்னதாக விமானப்படையில் கதை உண்டு. கதை எப்படியோ, 1948 மே 24 அன்று லே-யில் இறங்கிய டகோட்டாவில் இரண்டு பேருமே இருந்தார்கள்.

அந்த டகோட்டாவில் என்ன இல்லை என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும். கேபின் பிரஷரைசேஷன் இல்லை. அந்த வழிக்கு விமான வரைபடம் இல்லை. டீ-ஐசிங் கருவி இல்லை. மூன்றாவதைத்தான் எல்லாரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஓசூரில் இருந்துகொண்டு யோசித்தால் அது ஏதோ துருவப் பிரதேசத்துப் பிரச்சினை மாதிரிதான் தோன்றும். அது என்னவென்று கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மேகத்தில் இருக்கும் நீர்த்துளி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் உடனே பனிக்கட்டி ஆகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஆகாது. உறைவதற்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு துகள் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மைனஸ் 10, மைனஸ் 15-லும் தண்ணீராகவே மிதக்கும். அந்த மேகத்துக்குள் ஒரு இறக்கை நுழைகிறது. துளி மோதிய அடுத்த கணம் அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். சின்னத் துளி என்றால் வெள்ளையாக, சொரசொரப்பாகப் படியும். பெரிய துளி என்றால் வழிந்துகொண்டே உறையும். கண்ணாடி மாதிரி தெளிவாக, கெட்டியாக, பார்த்தால் தெரியவே தெரியாது. பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழிருந்து மைனஸ் 15 வரைதான் மோசமான பகுதி. அதைவிடக் குளிர்ந்தால் மேகத்தில் பெரும்பாலும் பனித்துகளாகவே இருக்கும், அது ஒட்டாது.

எடை கூடுவதால் விமானம் விழுகிறது என்று நினைக்கிறவர்கள் அதிகம். எடை ஒரு பங்குதான். உண்மையான சேதம் இறக்கையின் வடிவத்துக்கு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் ஏரோஃபாயிலைச் சுற்றிப் புகை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்விளிம்பில் உப்புத்தாள் அளவு சொரசொரப்பு வந்தாலே தூக்கும் விசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். ஸ்டால் ஆகும் வேகம் ஏறிவிடும். பைலட்டின் ஸ்பீடோமீட்டர் வழக்கமான பாதுகாப்பான வேகத்தைக் காட்டும், ஆனால் இறக்கைக்கு அந்த வேகம் போதாது. போதாக்குறைக்கு அந்த ஸ்பீடோமீட்டருக்குக் காற்று கொடுக்கும் பிட்டோ குழாயின் வாயையும் பனி அடைக்கும், அப்போது அதுவும் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இதற்கு டகோட்டா வகையில் ஏற்கெனவே தீர்வு இருந்தது. இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறை ஒட்டி, உள்ளே காற்றை அடித்து அடித்து விடுவார்கள். உறை புடைக்கும்போது மேலே படிந்த பனி உடைந்து பறந்துவிடும். ப்ரொபெல்லருக்கு ஆல்கஹால் கசியவிடும் குழாய். 1930களின் டக்ளஸ் விமானங்களிலேயே இதெல்லாம் வந்துவிட்டது. மெஹர் சிங்கின் டகோட்டாக்கள் போர்க்கால மிச்சம், அவற்றில் இது கிடையாது.

இப்போது கணக்குப் போடலாம். ஸ்ரீநகர் ஏறத்தாழ 5,200 அடியில் இருக்கிறது. மே மாதக் காலை 16 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும். அப்படியானால் 13,000 அடி தாண்டும்போது பூஜ்ஜியம். 18,000 அடியில் மைனஸ் 10. சோஜி லா 11,500 அடி, ஃபோட்டு லா 13,400 அடிக்கு மேல், இரண்டு பக்கமும் அதைவிட ரொம்ப உயரமான சிகரங்கள். கணவாய்களைப் பத்திரமாகத் தாண்ட எந்த உயரத்தில் பறக்க வேண்டுமோ, ஐசிங்குக்கு மிக மோசமான உயரமும் சரியாக அதுதான். கீழே இறங்கித் தப்பலாம் என்றால் கீழே மலை. ஏறித் தப்பலாம் என்றால், பாரம் ஏற்றிய டகோட்டாவுக்கு அதற்கு மேல் ஏற மூச்சு இல்லை. ஆட்களுக்கும் மூச்சு இல்லை. 20,000 அடியில் ஆக்ஸிஜன் இல்லாமல் அரை மணி நேரத்துக்குள் புத்தி தடுமாறிவிடும்.

சமவெளியில் பறக்கும் ஒரு சின்ன விமான பைலட் ஐசிங்கில் மாட்டினால் செய்யச் சொல்லிக்கொடுப்பது என்ன? உடனே வெளியே போ. வந்த வழியே திரும்பு, ஏனென்றால் பின்னால் பனி இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். அல்லது சூடான காற்றுக்கு இறங்கு. ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையால் ஓட்டு, அப்போதுதான் விமானம் கனப்பது கையில் தெரியும். இறங்கும்போது வேகத்தைக் கூடுதலாக வை, ஃப்ளாப்பை அதிகம் இறக்காதே. பெரிய விமானத்துக்கும் இது பொருந்தும்: 1994-ல் அமெரிக்காவின் ரோஸ்லான் ஊருக்கருகே ஏ.டி.ஆர். விமானம் ஐசிங்கில் விழுந்து 68 பேர் இறந்தபோது, ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருந்ததால் இறக்கையின் மாற்றம் பைலட்களின் கைக்குத் தெரியவில்லை. லே வழியில் இந்த அறிவுரைகளில் பாதி செல்லாது. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் டகோட்டாவைத் திருப்ப இடம் வேண்டும், இறங்க இடமே இல்லை.

ஆக மிச்சமிருந்தது ஒரே வழி, மேகத்துக்குள் போகாமலே இருப்பது. ஒட்டுவதற்குத் தண்ணீர் இல்லாவிட்டால் மைனஸ் 20-லும் இறக்கை சுத்தமாகவே இருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று மேலெழுந்து மேகம் கட்டும். அதனால் மலைக்குள் பறப்பு என்பது காலைநேர வேலை. கருவி இல்லாமல் துணிந்து போனார் என்று எழுதுவது சுலபம். என் கணக்கில், கருவி இல்லாதவன் வானிலையைப் பார்த்து எப்போது போகக்கூடாது என்று முடிவெடுப்பதில்தான் முழு பைலட்டும் தெரிகிறான். எல்லையில் மலைக்காற்றைப் படித்த ஆளுக்கு அந்த முடிவெடுக்கத் தெரிந்திருந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 11,500 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். காக்பிட் மீட்டர் வழக்கமான இறங்கும் வேகத்தைக் காட்டினாலும், தரையைப் பொறுத்து விமானம் கிட்டத்தட்ட 20 சதவீதம் வேகமாக ஓடும். நிற்க 40 சதவீதம் கூடுதல் தூரம் வேண்டும். மணல் ஓடுதளம், யாரும் அதுவரை தொட்டதில்லை. திரும்பக் கிளம்பும்போது இன்ஜினுக்கும் அதே மெல்லிய காற்றுதான். இறங்கினார், திம்மய்யா நிலைமையைப் பார்த்தார், கிளம்பினார்கள். அடுத்த நாட்களில் டகோட்டாக்கள் படைவீரர்களோடு வரிசையாக வந்தன. லே கையைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் லே-க்குப் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் போகின்றன. மதியத்துக்கு மேல் காற்றும் வெப்பமும் ஒத்துழைக்காது. ஜெட் இன்ஜின் வந்த பிறகும் அந்த மலை தன் டைம்டேபிளை மாற்றிக்கொள்ளவில்லை.

நம்ம பக்கம் வருவோம். தளி ரோட்டில் பேளகொண்டபள்ளி ஓடுதளத்தைப் பார்த்தவர்கள் இந்த இதழைப் படிப்பவர்களில் நிறைய பேர் இருப்பீர்கள். தனேஜா ஏரோஸ்பேஸ் அங்கே இத்தாலிய பார்ட்டனேவியா வகைச் சிறு விமானங்களைக் கட்டியது. இந்தப் பக்கம் ஐசிங்கா என்று கேட்டால், ஓசூருக்கு மேலேயும் சுமார் 16,000 அடியில் பூஜ்ஜியம் டிகிரி வந்துவிடும். மழைக்கால மேகத்துக்கு அந்த உயரமெல்லாம் சாதாரணம். ஆனால் சின்ன விமானத்துக்கு அதைவிடக் கிட்டத்தில் இன்னொரு ஐசிங் இருக்கிறது, அது வெயில் நாளிலும் வரும். கார்புரேட்டருக்குள் காற்று குறுகலான வெஞ்சுரி வழியாகப் பாயும்போது அழுத்தம் குறைந்து குளிரும். பெட்ரோல் ஆவியாகும்போது அது இன்னும் வெப்பத்தை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் 20 டிகிரிக்கு மேலேயே வெப்பநிலை விழலாம். ஆகஸ்ட் மாத ஓசூர் காலை, தூறல், வெளியே 21 டிகிரி, சட்டை காயாத ஈரம். சிப்காட் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அது நல்ல கிளைமேட். பழைய செஸ்னா 152 மாதிரி கார்புரேட்டர் வைத்த விமானம் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது அதே கிளைமேட்டில் கார்புரேட்டருக்குள் பனி கட்டும்.

அறிகுறி ரொம்ப சாது. ஆர்.பி.எம். மெதுவாக இறங்கும், இன்ஜின் லேசாக உதறும். கார்புரேட்டர் ஹீட் குமிழை இழுக்க வேண்டும். சைலன்ஸர் பக்கத்துச் சூடான காற்று உள்ளே வரும். அப்போது ஒரு விபரீதம் நடக்கும். ஆர்.பி.எம். இன்னும் விழும், உருகிய தண்ணீர் சிலிண்டருக்குள் போய் இன்ஜின் முன்னைவிட மோசமாக இருமும். புதுசாக ஓட்டுகிறவர் பயந்து குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார், அங்கேதான் தப்பு நடக்கும். இழுத்த குமிழை விடாமல் பிடித்திருந்தால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக எழும். பயிற்சி விமான ஓட்டிகளுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது, இருந்தும் உலகமெங்கும் இதில் விமானங்கள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன.

மெஹர் சிங் கதையின் மிச்சம் நீளமில்லை. லே-க்கு நான்கு மாதம் கழித்து, 1948 செப்டம்பரில், விமானப்படையை விட்டு விலகினார். மேலிடத்தோடு ஒத்துப்போகவில்லை. போர் இன்னும் முடியவில்லை, வயது 33. அந்தக் காலகட்டத்தில் இந்திய விமானப்படையில் அவருக்கு இணையாக ஓட்டத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமம். அப்படிப்பட்டவரைப் படை இழந்தது, யார் பக்கம் நியாயம் இருந்திருந்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். பாட்டியாலா மகாராஜா யாதவீந்திர சிங் அவரைத் தன் விமான ஆலோசகராக வைத்துக்கொண்டார். 1950 ஜனவரி 26, முதல் குடியரசு தினத்தில் மகாவீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. விமானப்படையில் அந்த விருதைப் பெற்ற முதல் அதிகாரி. அறிவிப்பு வந்தபோது அவர் சீருடையில் இல்லை.

சிவிலியன் பைலட்டாகப் பறப்பதில் ஒரு வித்தியாசம் உண்டு. படையில் வானிலை அதிகாரி இருப்பார், கிளம்பலாமா என்று கேள்வி கேட்கும் ஆள் இருப்பார், வராவிட்டால் தேடும் ஆள் இருப்பார். தனியார் விமானத்தில் வானத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் நீங்களே, அந்த முடிவைச் சந்தேகப்பட வேண்டியதும் நீங்களே. 1950களின் சிறு விமானங்களில் புயலைக் காட்டும் ரேடார் கிடையாது. இரவில் மேகம் கண்ணுக்கும் தெரியாது, மின்னல் வெட்டும்போது மட்டும்தான் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று தெரியும். இடிமேகத்துக்குள் எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும்: மேலும் கீழும் தூக்கியடிக்கும் காற்று, ஆலங்கட்டி, மேல்பாதியில் உறையக் காத்திருக்கும் தண்ணீர்.

1952 மார்ச் மாதம் ஒரு இரவு, ஜம்முவிலிருந்து டெல்லிக்கு ஒரு சிறிய விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் ஆயிரம் தடவை பறந்த பகுதி. வழியில் புயல். விமானம் டெல்லிக்கு வரவில்லை, நொறுங்கிக் கிடந்தது. அவருடைய 37-வது பிறந்தநாளுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன.